அந்திவானமும் புயலும்: கடல் உல்லாசப் பயணத்தின் வரலாறு

கடல் உல்லாசப் பயணம் என்பது ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்குப் போய்ச் சேருவதற்காக அன்றி, கடலில் இருப்பதன் இன்பத்திற்காகவே மேற்கொள்ளப்படும் கப்பல் பயணம் ஆகும். இத்தகைய பயணங்களுக்கான விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் காட்சி ஒன்று உண்டு. மேல்தளக் கம்பியில் சாய்ந்து நிற்கும் பயணிகள்; அவர்களுக்கு எதிரே, கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் சிவந்த சூரியன். விளம்பரத்தில் ஒருபோதும் இடம்பெறாத காட்சி புயல். ஆனால் உல்லாசக் கப்பல் பயணம் என்ற தொழில் உருவானதற்குப் புயலே முக்கியமான காரணம். புயலை எப்படித் தவிர்ப்பது என்று மனிதன் கற்றுக்கொண்ட வரலாறும், அந்திவானத்தை அச்சமின்றி வேடிக்கை பார்க்கத் தொடங்கிய வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை.

பார்க்கும் வானமும் படிக்கும் வானமும்

பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமி அந்திவானத்தை அழகுக்காகப் பார்க்கவில்லை. மறுநாள் காற்று எப்படி இருக்கும் என்று அதில் படித்தான். மாலையில் வானம் சிவந்தால் நல்ல வானிலை, காலையில் சிவந்தால் கெட்ட வானிலை என்ற நம்பிக்கை மேற்கத்திய மாலுமிகளிடையே மிகப் பழையது. மத்தேயு நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்திலேயே இக்கருத்து வருகிறது.

இது வெறும் மூடநம்பிக்கை அன்று. சூரிய ஒளி காற்று மண்டலத்தின் வழியே வரும்போது, நீலம் முதலிய குறைந்த அலைநீள நிறங்கள் மிகுதியாகச் சிதறுகின்றன. சிவப்பு குறைவாகவே சிதறுகிறது. சூரியன் தொடுவானத்தில் இருக்கும்போது, அதன் ஒளி உச்சிவேளையைக் காட்டிலும் முப்பது மடங்குக்கும் மேற்பட்ட காற்றைக் கடந்து வரவேண்டும். வழியில் நீலம் சிதறிப்போய்விட, கண்ணுக்கு வந்து சேருவது சிவப்பும் செம்மஞ்சளும். இதன் கணக்கை ஆங்கில இயற்பியலாளர் ராலே 1871இல் வெளியிட்டார். ஆகவே மாலையில் மேற்கு வானம் தெளிவாகச் சிவக்கிறது என்றால், மேற்குத் திசையில் நெடுந்தொலைவுக்குச் சூரியனை மறைக்கும் அடர்ந்த மேகம் இல்லை என்று பொருள். ஐரோப்பாவும் வட அட்லாண்டிக்கும் உள்ள பகுதியில் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்வதால், மேற்கு தெளிவாக இருந்தால் நாளையும் தெளிவாக இருக்கும் என்று சொல்ல முடிந்தது.

ஆனால் இந்த விதியை நம்பி வெப்பமண்டலக் கடலுக்கு வந்த மாலுமிகள் ஏமாந்தார்கள். வங்காள விரிகுடாவில் புயல்கள் பொதுவாகக் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருபவை. அங்கே மேற்கு வானம் தெளிவாக இருப்பதால் பயனில்லை. அதுமட்டுமன்று. புயலின் மையத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு மெல்லிய கீற்று மேகங்கள் விசிறிபோல விரிந்து செல்லும். மறையும் சூரியனின் ஒளி அவற்றில் படும்போது வானம் முழுவதும் செம்புத் தகடுபோல ஒளிரும். வழக்கத்தைவிட அழகான அந்திவானம் அங்கே வழக்கத்தைவிட ஆபத்தானதாகவும் இருக்கலாம்.

இந்த வேறுபாட்டைப் பொறுமையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஹென்றி பிடிங்டன். கடலோடியாக இருந்து கல்கத்தாவில் குடியேறிய இவர், வங்காள விரிகுடாவில் புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திரட்டினார். எந்த மணிக்கு எத்திசையிலிருந்து காற்று அடித்தது, காற்றழுத்தமானி எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிட்டுப் பார்த்து, புயல்காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வதை வரைபடங்களில் காட்டினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற சொல்லை உருவாக்கியவர் இவரே. 1848இல் வெளியான மாலுமிகளுக்கான தம் கையேட்டில், ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளை அவர் இணைத்துக் கொடுத்தார். தகட்டில் சுழற்காற்றின் அம்புக்குறிகள் வரையப்பட்டிருக்கும். தன் கப்பலில் அடிக்கும் காற்றின் திசைக்குப் பொருந்துமாறு அதைக் கடல் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தால், புயலின் மையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேப்டனுக்குத் தெரிந்துவிடும். பிறகு எதிர்ப்பக்கம் விலகிச் செல்லலாம். புயல் என்பது விதி என்று கைகட்டி நின்ற நிலை மாறி, அது ஒதுங்கிப் போகக்கூடிய ஒன்று என்ற எண்ணம் வந்தது இங்கேதான்.

பிடிங்டனின் எச்சரிக்கையை எல்லாரும் கேட்கவில்லை. கல்கத்தாவுக்கு மாற்றாக மாட்லா ஆற்றின் கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசு திட்டமிட்டபோது, அங்கே புயலலை வந்தால் ஊரே மூழ்கும் என்று 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு அவர் எழுதினார். கேனிங் துறைமுகம் அங்கேயே கட்டப்பட்டது. பிடிங்டன் 1858இல் இறந்தார். 1867 நவம்பரில் வந்த புயல் அத்துறைமுகத்தைச் சிதைத்தது.

கொட்டும் மழையில் தொடங்கிய உல்லாசம்

அதே 1867ஆம் ஆண்டில் பூமியின் மறுபக்கத்தில் ஒரு புதுமை நடந்தது. இன்பத்திற்காகக் கடலில் செல்லும் எண்ணம் அதற்கு முன்பே அரும்பியிருந்தது. 1844இல் பி அண்ட் ஓ நிறுவனம் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவசப் பயணச்சீட்டு கொடுத்து மத்தியதரைக் கடலுக்கு அனுப்பியது. அவர் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எழுத்தாளரை அழைத்துப்போய் விளம்பரம் தேடும் வழக்கம் அவ்வளவு பழையது! எனினும், ஒரு முழுக் கப்பலையும் உல்லாசத்திற்கென்றே எடுத்துக்கொண்டு அமெரிக்காவிலிருந்து கடல் கடந்த முதல் பெரிய பயணம் 'குவேக்கர் சிட்டி' என்ற நீராவிக் கப்பலில் 1867இல் நடந்ததே. உள்நாட்டுப் போரில் போர்க்கப்பலாகப் பணிபுரிந்த, பக்கச் சக்கரங்களால் ஓடும் கப்பல் அது. கட்டணம் ஆளுக்கு 1,250 டாலர். பயணிகளுள் ஒருவர் அப்போது இளம் செய்தியாளராக இருந்த மார்க் ட்வெய்ன். 1869இல் வெளியாகி அவருக்குப் பெரும்புகழ் தந்த 'தி இன்னொசன்ட்ஸ் அப்ராட்' என்ற நூல் இப்பயணத்தின் கதை.

ஜூன் 8ஆம் தேதி நியூயார்க்கில் நங்கூரம் எடுத்த கப்பல், துறைமுகத்தின் வாயிலிலேயே மீண்டும் நங்கூரம் பாய்ச்சியது. வெளியே கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் வீடு திரும்பிவிட, பயணிகள் இரண்டு நாள் கரைக்கருகிலேயே காத்துக்கிடந்தார்கள். கடலுக்குள் சென்றதும் பெரும்பாலோரைக் கடல்நோய் பிடித்தது. நடு அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே நண்பகலில் வந்த புயல் கப்பலை அலைக்கழிக்கவே, திட்டமிட்ட தீவை விட்டுவிட்டு அருகிலிருந்த ஃபாயல் தீவில் ஒதுங்கினார்கள். பயணத் திட்டத்தை வகுத்தது மனிதர்கள்தாம். அதைத் திருத்தியது வானிலை. இன்றைய உல்லாசக் கப்பல்களிலும் இதுவே நடக்கிறது.

இடையே அமைதியான மாலைகளும் இருந்தன. மேல்தளத்தில் விதானம் கட்டி, விளக்குகளைத் தொங்கவிட்டு நடனம் ஆடினார்கள். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஆடுவோர் அனைவரும் அந்தப் பக்கக் கம்பிக்கு ஓடுவார்கள். மறுபக்கம் சாய்ந்தால் அங்கே ஓடுவார்கள். ஒவ்வோர் இரவும் வழிபாட்டுக் கூட்டம் நடந்தது. அதில் பயணிகள் தங்களுக்குச் சாதகமான காற்று வேண்டும் என்று மன்றாடியதைக் கேட்டுக் கப்பல் அதிகாரி ஒருவர் எரிச்சலடைந்ததை ட்வெய்ன் பதிவு செய்திருக்கிறார். இந்தப் பருவத்தில் கிழக்கே போவது இந்த ஒரு கப்பல்தான். மேற்கே வருவதோ ஆயிரம் கப்பல்கள். இவர்களுக்கு நல்ல காற்று அந்த ஆயிரம் பேருக்கும் எதிர்க்காற்று அல்லவா என்பது அவருடைய கேள்வி. காற்றைப் பற்றிய அறிவில் பயணிக்கும் மாலுமிக்கும் இருந்த இடைவெளியை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. ஐந்து மாதங்களுக்குப் பின், நவம்பர் 19ஆம் தேதி கப்பல் நியூயார்க் திரும்பியது.

எச்சரிக்கைக் கூண்டின் பிறப்பு

குவேக்கர் சிட்டி கேப்டனுக்கு நடுக்கடலில் இருந்தவை காற்றழுத்தமானியும் கண்களும்தாம். கரையிலிருந்து செய்தி பெற வழியில்லை. ஆனால் கரையில் ஒரு மாற்றம் தொடங்கியிருந்தது. அதற்குக் காரணம் ஒரு பெருந்துயரம்.

1859 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து இங்கிலாந்தின் லிவர்பூல் நோக்கி வந்த 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல், பயணம் முடிய இன்னும் ஓர் இரவே இருந்த நிலையில் வேல்ஸ் கடற்கரையின் ஆங்கிள்சி தீவுப் பாறைகளில் மோதி உடைந்தது. தங்கச் சுரங்கங்களில் உழைத்துச் சேர்த்த பொன்னுடன் ஊர் திரும்பியவர்கள் உட்பட சுமார் 450 பேர் இறந்தனர். அந்த ஒரு புயலில் பிரித்தானியக் கரையோரம் 130க்கும் மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. டார்வினை ஏற்றிச் சென்ற 'பீகிள்' கப்பலின் கேப்டனாக இருந்த ஃபிட்ஸ்ராய் அப்போது பிரித்தானிய வானிலைத் துறையின் தலைவர். புயல் ஓரிடத்தைத் தாக்கியதும் தந்தி மூலம் அச்செய்தியைப் பெற்றால், அது அடுத்த துறைமுகத்தை அடையுமுன் எச்சரிக்கலாம் என்று அவர் கண்டார். 1861இல் துறைமுகக் கம்பங்களில் கூம்பு, உருளை வடிவங்களை ஏற்றி எச்சரிக்கும் முறை தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் முதல் பொது வானிலை முன்னறிவிப்பு வெளியாயிற்று.

அறிவிப்பு தவறியபோதெல்லாம் ஃபிட்ஸ்ராய் கேலிக்கு ஆளானார். மனம் தளர்ந்த அவர் 1865இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருக்குப் பின் புயல் எச்சரிக்கைகள் சில காலம் நிறுத்தப்பட்டன. அவற்றை மீண்டும் கேட்டவர்கள் அறிஞர்கள் அல்லர், கடலோடிகள். தமிழ்நாட்டில் மழைக்காலம் வந்தால் 'நாகப்பட்டினத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்று செய்தி வருகிறதல்லவா? கம்பத்தில் வடிவங்களை ஏற்றிக் கப்பல்களை எச்சரிக்கும் அந்த வழிமுறை ஃபிட்ஸ்ராயின் காலத்தது.

உலகமே கண்ட அந்திவானம்

வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட சூரிய அஸ்தமனங்கள் 1883ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை. அவ்வாண்டு ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே உள்ள கிரகடோவா எரிமலை வெடித்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை முதலியவற்றில் 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வானத்தின் உயரங்களுக்கு வீசப்பட்ட நுண்துகள்களும் வாயுக்களும் அங்கே பரவி, நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி நகர்ந்து, சுமார் இரண்டு வாரங்களில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றின. கடலில் இருந்த கப்பல்கள் பலவற்றின் நாட்குறிப்புகளில் விசித்திரமான பதிவுகள் ஏறின. நீலச் சூரியன், பச்சைச் சூரியன், சூரியன் மறைந்து நெடுநேரம் கழித்தும் அணையாத செவ்வொளி.

செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறத்தில் தெரிந்தது. சென்னையில் இருந்த பேராசிரியர் மிச்சி ஸ்மித் இதை நிறமாலைமானி கொண்டு ஆராய்ந்து எழுதினார். நவம்பரில் இச்செவ்வொளி வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் எட்டியபோது, அமெரிக்காவின் போகீப்சி நகரில் எங்கோ பெருந்தீ பற்றிவிட்டது என்று எண்ணித் தீயணைப்புப் படையினர் வண்டிகளுடன் புறப்பட்டனர். லண்டன் ராயல் சொசைட்டி உலகெங்கிலும் இருந்து வந்த குறிப்புகளைத் தொகுத்து 1888இல் பெரிய அறிக்கையாக வெளியிட்டது. அதில் கப்பல் நாட்குறிப்புகளுக்குத் தனி மதிப்பு உண்டு. மேல்வானக் காற்று எந்த வேகத்தில் எத்திசையில் ஓடுகிறது என்பதை, எந்தக் கப்பல் எந்த நாளில் வண்ண அந்தியைக் கண்டது என்பதை வைத்தே கணிக்க முடிந்தது. பயணிகள் மேல்தளத்தில் நின்று வியந்த அந்த வண்ணங்கள் பல்லாயிரம் பேர் மாண்ட ஒரு பேரழிவின் எச்சம் என்பதை அவர்களில் பலர் அப்போது அறிந்திருக்க வழியில்லை.

கப்பலின் மேல்தளத்திலிருந்து நிறத்தை ஆராய்ந்தவர்களுள் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனும் ஒருவர். 1921இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டிற்குச் சென்றுவிட்டு 'நர்க்குண்டா' கப்பலில் திரும்பியபோது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கவனத்தை ஈர்த்தது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற ராலேயின் கருத்தை அவர் ஏற்கவில்லை. ஒரு நிக்கல் பட்டகத்தின் உதவியால் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்து, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் இது குறித்து 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் அனுப்பினார். ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் அவரை ஆழமாக இறக்கிவிட்ட பயணம் அது.

புயலுக்குப் பயந்து பிறந்த தொழில்

1880களின் இறுதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்திற்கு ஒரு சிக்கல் இருந்தது. நியூயார்க் செல்லும் அதன் சொகுசுக் கப்பல்கள் கோடையில் நிறைந்தன. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கின் சூறாவளிக்கு அஞ்சிப் பயணிகள் வரவில்லை. கப்பல் சும்மா நின்றாலும் மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். பயணிகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஆல்பர்ட் பாலின், புயலடிக்கும் கடலிலிருந்து கப்பலை எடுத்து வெயிலடிக்கும் கடலுக்கு அனுப்பினால் என்ன என்று எண்ணினார். 'ஆகஸ்டா விக்டோரியா' கப்பல் 1891 ஜனவரி 22ஆம் தேதி குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டது. பாலினும் உடன் சென்றார். இரண்டு மாதப் பயணம் வெற்றி பெற்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பிரித்தானியாவின் ஓரியன்ட் லைன் நிறுவனம் நார்வேக்கு இத்தகைய பயணங்களை நடத்தியிருந்தது உண்மை. ஆனால் பருவத்திற்கேற்பக் கப்பலை இடம் மாற்றும் வணிக உத்தியை நிலைநாட்டியவர் பாலின் எனலாம். இன்றும் கரீபியக் கடலில் குளிர்காலத்தைக் கழிக்கும் கப்பல்கள் பல, கோடையில் மத்தியதரைக் கடலுக்கோ அலாஸ்காவுக்கோ போய்விடுகின்றன.

1900இல் உல்லாசப் பயணத்திற்கென்றே கட்டப்பட்ட முதல் கப்பலாகிய 'பிரின்செசின் விக்டோரியா லூயிசே'யையும் இந்நிறுவனமே கடலில் இறக்கியது. அது 1906 டிசம்பரில் ஜமைக்காவில் கலங்கரை விளக்கம் ஒன்றைத் தவறாக அடையாளம் கண்டு தரைதட்டி நொறுங்கியது. பயணிகள் அனைவரும் பிழைத்தனர். கேப்டன் தற்கொலை செய்துகொண்டார். புயலிலிருந்து தப்பினாலும் கடலிலிருந்து தப்பியதாக ஆகாது.

அடுத்த அரை நூற்றாண்டில் கருவிகள் பெருகின. கம்பியில்லாத் தந்தி வந்ததும் ஒரு கப்பல் சந்தித்த புயலை மற்றக் கப்பல்கள் உடனே அறிந்தன. 1950இல் பி அண்ட் ஓ நிறுவனத்தின் 'சூசன்' கப்பலில் பொருத்தப்பட்ட பக்கத் துடுப்புகள், நீருக்கடியில் தாமே சாய்கோணத்தை மாற்றிக் கப்பலின் ஆட்டத்தைக் குறைத்தன. 1960 ஏப்ரலில் ஏவப்பட்ட டைரோஸ்-1 செயற்கைக்கோள், பிடிங்டன் நாட்குறிப்புகளிலிருந்து ஊகித்து வரைந்த மேகச் சுழலை மேலிருந்து படமெடுக்கும் காலத்தைத் தொடங்கிவைத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் கடல் முழுதாக அடங்கவில்லை. 1966 ஏப்ரல் 12ஆம் தேதி, நியூயார்க் சென்றுகொண்டிருந்த இத்தாலியக் கப்பல் 'மைக்கலாஞ்சலோ'வின் முன்பகுதியை ஒரு பேரலை நொறுக்கியதில் மூவர் இறந்தனர். தனித்து எழும் இத்தகைய அசுர அலைகளைப் பற்றி மாலுமிகள் சொன்னதை அறிஞர்கள் நெடுங்காலம் மிகைப்படுத்தல் என்றே கருதினர். 1995 ஜனவரி 1 அன்று வட கடலில் உள்ள டிராப்னர் எரிவாயு மேடையின் கருவி 25.6 மீட்டர் உயர அலை ஒன்றைப் பதிவு செய்ததும் அந்த வாதம் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், லூயிஸ் சூறாவளியை ஒதுக்க முயன்ற 'குயின் எலிசபெத் 2' கப்பலின் கேப்டன், தம் மேடையின் உயரத்திற்கு, சுமார் 29 மீட்டர் எழுந்துவந்த அலையைக் கண்டார். டோவரின் வெண்பாறைகளை நோக்கிக் கப்பல் செல்வதுபோல் இருந்தது என்று பின்னர் கூறினார். கப்பல் தப்பியது.

2019 மார்ச் 23 அன்று 'வைக்கிங் ஸ்கை' என்ற புதிய உல்லாசக் கப்பல் 1,373 பேருடன் நார்வேயின் ஹுஸ்டட்விகா கடற்பகுதியைக் கடந்துகொண்டிருந்தது. புயல் வரும் என்பது முன்பே தெரிந்த செய்தி. ஆனால் எஞ்சின்களின் உயவு எண்ணெய்த் தொட்டிகளில் எண்ணெய் மட்டம் குறைவாக இருந்தது. கொந்தளிப்பில் கப்பல் ஆடியபோது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. கப்பல் பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. நங்கூரம் பாய்ச்சியும் பயனில்லை. கரைக்கு மிக நெருங்கிய நிலையில் எஞ்சின் ஒன்றை மீண்டும் இயக்கினார்கள். அன்று பிற்பகலில் தொடங்கி இரவு முழுவதும் ஹெலிகாப்டர்கள் வந்து, பயணிகளைக் கயிற்றில் கட்டி ஒவ்வொருவராகத் தூக்கிச் சென்றன. 470க்கும் மேற்பட்டோர் இவ்வாறு கரை சேர்க்கப்பட்டனர். மற்றவர்களுடன் கப்பல் மறுநாள் மோல்டே துறைமுகத்தை அடைந்தது. அவர்கள் அந்தப் பயணத்திற்குப் பணம் கட்டியது நார்வேயின் வடக்கு வானில் தோன்றும் துருவ ஒளியைப் பார்ப்பதற்காக.